கில்லர்டன் மாளிகை ஆடைத் தொகுப்பு: ஒரு நாளில் எப்படிப் பார்ப்பது?

செங்காந்தள்
எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பரில் டெவன் போகிறோம். எக்ஸிட்டர் பக்கத்தில் இருக்கும் கில்லர்டன் மாளிகைக்கு ஒரு முழு நாள் ஒதுக்கியாயிற்று. போவதே அங்குள்ள பழைய உடைகளுக்காகத்தான், தோட்டம் அப்புறம். கூட வருவது அம்மா. வயது 66, நாற்பது வருடம் தையல் தொழில் செய்தவர், முழங்கால் வலி உண்டு. தொகுப்பில் 20,000 உருப்படி இருக்கிறது என்கிறார்கள். அத்தனையையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா? நம் பக்கத்துத் துணி ஏதாவது கண்ணில் படுமா? படம் எடுக்க விடுவார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேற்குக்காற்று
முதலில் அந்த 20,000 கணக்கைப் பார்த்துவிடுவோம், பலர் ஏமாறுவது அங்கேதான். பழைய மாளிகைகளைப் பேணும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட்டிடம் இருக்கும் ஆடைத் தொகுப்புகளிலேயே பெரியது கில்லர்டனில் உள்ளது. ஆனால் அது கிடங்கில் இருக்கும் எண்ணிக்கை. வீட்டின் மாடி அறைகளில் ஒரு பருவத்துக்கு ஒரு தலைப்பு எடுத்து, அதற்கு ஏற்ற சிறு பகுதியை மட்டும் வெளியே வைப்பார்கள். அடுத்த வருடம் தலைப்பு மாறும், உடைகளும் மாறும். இணையத்தில் யாரோ போட்ட படத்தில் இருக்கும் கவுனைத் தேடிப் போனால் பெரும்பாலும் அது பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருக்கும்.

அதனால் இந்த வருடத் தலைப்பு என்ன, எந்தத் தேதி வரை என்பதை மாளிகையின் பக்கத்தில் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். ஒரு கண்காட்சியைக் கழற்றி இன்னொன்றை ஏற்றும் வாரங்களில் மாடி மூடியிருக்கும். தோட்டமும் தேநீர்க்கடையும் திறந்திருப்பதால் 'திறந்திருக்கிறது' என்றுதான் பலகை சொல்லும். தோட்டம் திறக்கும் நேரம் வேறு, வீடு திறக்கும் நேரம் வேறு. இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

வழி: லண்டன் பாடிங்டனில் இருந்து எக்ஸிட்டர் செயின்ட் டேவிட்ஸுக்கு ரயில், இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். அங்கிருந்து வடகிழக்கே பத்துப் பதினொரு கிலோமீட்டர். கல்லம்ப்டன் பக்கம் போகும் பேருந்தில் ஏறினால் திருப்பத்தில் இறங்கி ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். முழங்கால் வலி என்கிறீர்கள், போகும்போது டாக்ஸி வைத்துக்கொள்ளுங்கள். மாடிக்கு ஏற என்ன வசதி என்பதைத் தொலைபேசியில் கேளுங்கள். கேட்காமல் போய்ப் படிக்கட்டின் அடியில் நிற்கும் நிலை அம்மாவுக்கு வர வேண்டாம்.

ஊசிமுனை
நேர ஒதுக்கீடு பற்றி நான் சொல்கிறேன். வீட்டைத் திறந்தவுடன் நேரே மாடிக்குப் போங்கள். தோட்டத்தைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். காரணம் கூட்டம் மட்டுமல்ல, கண்.

உடைகள் இருக்கும் அறையில் வெளிச்சம் சுமார் 50 லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும். மேகம் மூடிய நாளில்கூட வெளியே பத்தாயிரம் லக்ஸைத் தொடும். தோட்டத்தில் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு உள்ளே நுழைந்தால் முதல் ஐந்து பத்து நிமிடம் எல்லாமே சாம்பல் நிறமாகத்தான் தெரியும். 'ஒன்றும் தெரியவில்லை, வெளிச்சம் போடக் கூடாதா' என்று அலுத்துக்கொண்டு அதற்குள் மூன்று அறையைக் கடந்துவிடுகிறார்கள். மாடிக்குப் போகும் முன் உள்ளேயே ஒரு மங்கலான கூடத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். அம்மாவின் முழங்காலுக்கும் ஓய்வு.

வெளிச்சத்தை ஏன் அவ்வளவு கட்டுகிறார்கள் என்று ஒரு சின்னக் கணக்கு. 50 லக்ஸ், ஒரு நாளைக்கு 6 மணி நேரம், 180 நாள்: மொத்தம் 54,000 லக்ஸ் மணி. நேர் வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். ஆறு மாதக் காட்சியில் ஒரு பட்டு வாங்கும் வெளிச்சத்தை அரை மணி நேர வெயிலிலேயே வாங்கிவிடும். வெயிலில் புறஊதாவும் சேரும் என்பதால் சேதம் அதைவிடக் கூடுதல். போன நிறம் போனதுதான், இருட்டில் வைத்தாலும் திரும்பாது. அதனால்தான் ஒரு பருவம் வெளியே நின்ற உடை பல வருடம் பெட்டிக்குப் போகிறது. இழுத்து விட்ட திரைச்சீலையை யாராவது விலக்கப் பார்த்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

இரண்டு மணி நேரம் மாடிக்கு, ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கு, பிறகு மறுபடி அரை மணி நேரம் மாடிக்கு. இரண்டாவது சுற்றை விடாதீர்கள். முதல் சுற்றில் கண் முழு உருவத்தைத்தான் பார்க்கும், தையல் இரண்டாவது சுற்றில்தான் பிடிபடும்.

செங்காந்தள்
இரண்டு சுற்று யோசனை நன்றாக இருக்கிறது. அம்மா தையலைத்தான் பார்ப்பார். எந்த இடங்களைக் கவனிக்கச் சொல்லட்டும்?

வெட்டுத்துணி
தையல் தெரிந்தவர் வருகிறார் என்பதே பாதி வெற்றி, செங்காந்தள். சொல்லுங்கள் அம்மாவிடம்:

1700-களின் பட்டு கவுன் எதுவானாலும் முதலில் பாவாடையில் செங்குத்தாக ஓடும் இணைப்புகளைத் தேடட்டும். அன்றைய ஆங்கிலப் பட்டு சுமார் 20 அங்குல அகலம்தான், நம் புடவை அகலத்தில் பாதிகூட இல்லை. அதனால் ஒரு பாவாடைக்குப் பல அகலங்களைச் சேர்க்க வேண்டும். கரையை வெட்டாமல் கரையோடு கரை வைத்துத் தைத்திருப்பார்கள். அந்தத் தையலைப் பார்த்தால் அம்மா முகம் சுளிக்கலாம். அங்குலத்துக்கு நாலைந்து ஓட்டுத்தையல், அவ்வளவுதான். அது சோம்பேறித்தனம் அல்ல. துணி விலை மலை, தையல் கூலி மடு. நாளைக்குப் பிரித்து வேறு உடையாக்க வேண்டும் என்று தெரிந்தே இழுத்தால் வரும்படி தைத்தார்கள். அதே கவுனின் மேலுடம்பில், இழுவிசை தாங்கும் லினன் உள்துணியைப் பார்த்தால் தையல் நெருக்கமாக, உறுதியாக இருக்கும்.

பிரித்துத் தைத்த தடயம் ஏறக்குறைய எல்லாப் பழைய உடையிலும் உண்டு. பளபளப்பு மாறும் ஒரு கோடு, அதையொட்டி வரிசையாக ஊசித் துளைகள், மடிப்பு இல்லாத இடத்தில் பழைய மடிப்பின் நிழல். 1740-இல் நெய்த பட்டு 1780-இன் வெட்டில் நிற்பது சாதாரணம். குறிப்பு அட்டையில் இரண்டு தேதி போட்டிருந்தால் அதன் பொருள் இதுதான்.

1850-களுக்குப் பிறகு தையல் எந்திரம் வருகிறது. சிங்கரின் காப்புரிமை 1851. அதன் பிறகும் நீண்ட இணைப்புக்கு எந்திரம், கீழ்மடிப்புக்கும் அலங்காரத்துக்கும் கை என்று கலந்துதான் இருக்கும். ஒரே உடையில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கலாம். கண்ணைக் குத்தும் ஊதா இருந்தால் 1856-க்குப் பிந்தையதா என்று யோசியுங்கள், பெர்கின் செயற்கைச் சாயம் கண்டுபிடித்த வருடம் அது.

இடுப்பு அளவு பற்றி ஒரு வார்த்தை. '18 அங்குல இடுப்பாம்!' என்று எல்லோரும் வாய் பிளப்பார்கள். நம்ப வேண்டாம். இடுப்பை இறுக்கும் உள்ளாடையான கார்செட்டைப் பின்னால் முழுக்க மூடி அளந்தால் வரும் எண் அது. அணியும்போது நாடாவுக்கு நடுவில் இரண்டு மூன்று அங்குலம் இடைவெளி விட்டார்கள். பெரிய அளவு உடைகளில் துணி நிறைய இருந்ததால் அவற்றைத்தான் அதிகம் வெட்டி மறுபடி தைத்தார்கள். சிறியவை யாருக்கும் உதவாமல் பெட்டியில் தங்கின, இன்று நம் கண்ணுக்கு வருபவை அவை.

அவுரி
நம் பக்கத்துத் துணி பற்றிக் கேட்டிருந்தீர்கள். கில்லர்டனில் அன்று எது வெளியே இருக்கும் என்பது தலைப்பைப் பொறுத்தது. ஆனால் ஆங்கில மாளிகைத் தொகுப்புகளில் சோழமண்டலக் கரையின் எழுத்துச் சாயத்துணி, அதாவது அவர்கள் 'சின்ட்ஸ்' என்று அழைத்தது, எதிர்ப்படவே செய்யும். பருத்தியில் கையால் எழுதிய பூங்கொடி கண்டால் நில்லுங்கள்.

அதை எப்படிப் படிப்பது? துணியை முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடிக்க, பாலின் கொழுப்பு எழுதும் கரைசல் பரவாமல் நிற்க. கறுப்புக் கோட்டுக்கு இரும்புக் கரைசல், சிவப்புக்குப் படிகாரம். பிறகு சாயவேர்க் கொதிநீரில் முக்கினால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். ஆங்கிலேயர் அந்த வேரை 'சாய்' என்றே எழுதினார்கள், நம் சொல்தான். நீலம் வேண்டாத இடத்தை எல்லாம் மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் இறக்குவார்கள். கடைசியில் மஞ்சளைத் தூரிகையால் தீட்டுவார்கள். பச்சை இலை என்றால் நீலத்தின் மேல் மஞ்சள்.

அந்த மஞ்சள்தான் முதலில் சாகும். 250 வருடம் கழித்து நாம் பார்க்கும்போது இலைகள் எல்லாம் நீலமாக இருக்கும். 'இதென்ன நீல இலை' என்று குழந்தைகள் கேட்பார்கள். எழுதியவர் பச்சையாகத்தான் விட்டுப் போனார். மடிப்புக்குள், தையல் விளிம்புக்குள் வெயில் படாத இடத்தில் சில சமயம் பச்சை இன்னும் ஒரு கீற்று ஒளிந்திருக்கும். அதைத் தேடிப் பாருங்கள்.

இன்னொன்று: கறுப்புக் கோடு இருந்த இடத்தில் துணியே இல்லாமல் பிளந்திருக்கும். பூச்சி தின்றது அல்ல. இரும்பும் கடுக்காய்த் துவர்ப்பும் சேர்ந்து பஞ்சிழையை உள்ளிருந்தே அரித்துவிடும். பழைய கலங்காரிகளில் பூவின் உள்ளே நிறம் அப்படியே இருக்க, ஓரம் மட்டும் கத்தியால் கீறியதுபோல் போயிருப்பதற்கு இதுவே காரணம்.

இந்தத் துணி அங்கே அவ்வளவு பிடித்துப்போனதால்தான் அந்நாட்டு நெசவாளர்களும் கம்பளி வியாபாரிகளும் எதிர்த்து எழுந்தார்கள். 1700-இல் வண்ணம் தீட்டிய, அச்சிட்ட துணி இறக்குமதியைத் தடுத்துச் சட்டம். 1721-இல் உடுத்துவதற்கே தடை. 1774-இல்தான் விலக்கினார்கள். இந்த வருடங்களை மனத்தில் வைத்துக்கொண்டு குறிப்பு அட்டையைப் பாருங்கள். தடைக் காலத்துத் தேதி போட்ட எழுத்துத்துணி உடை ஒன்று நின்றால், சட்டத்தை மீறி யாரோ ஒரு பெண் அதை உடுத்தினாள் அல்லது ஒளித்து வைத்தாள் என்று பொருள்.

செங்காந்தள்
அவுரி அண்ணா, நீல இலை விஷயம் அருமை. அம்மாவிடம் படித்துக் காட்டினேன், கடுக்காய் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். போகும் முன்பே தொகுப்பில் என்ன இருக்கிறது என்று தேட வழி உண்டா?

ஊசிமுனை
உண்டு. நேஷனல் டிரஸ்ட்டின் தொகுப்புகளுக்கென்றே தனித் தளம் இருக்கிறது. இடத்துக்குக் கில்லர்டன் என்று வடிகட்டி, 'சின்ட்ஸ்', 'மஸ்லின்', 'இந்தியா' என்று ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு எண் இருக்கும், பிடித்தவற்றின் எண்ணைக் குறித்துவையுங்கள். வெளியே இல்லாத ஒன்றை ஆய்வுக்காகப் பார்க்க வேண்டும் என்றால் அந்த எண்தான் சாவி. 'பழைய கவுன் காட்டுங்கள்' என்று எழுதினால் பதில் வராது. 'இந்த மூன்று எண்கள், கைப்பகுதியின் வெட்டு பார்க்க வேண்டும், காரணம் இது' என்று ஒன்றிரண்டு மாதம் முன்னதாகவே எழுதினால் யோசிப்பார்கள். ஆள் பற்றாக்குறையில் மறுத்தாலும் வருத்தப்பட வேண்டாம். ஒரு கவுனைப் பெட்டியிலிருந்து எடுத்து விரித்துத் திரும்ப மடித்து வைக்க இரண்டு பேருக்கு ஒரு காலைப் பொழுது போய்விடும்.

அனுமதி கிடைத்தால் பென்சில், துணி அளவு நாடா, மோதிரமும் வளையலும் இல்லாத கை. பேனா கூடாது, உலோக நாடா கூடாது, கையில் கிரீம் கூடாது.

பொதுப் பார்வைக்கும் சில ஏற்பாடு. ஒரு மீட்டர் தூரத்திலேயே குவியும் சின்ன ஒற்றைக்கண் தொலைநோக்கி கிடைத்தால் கட்டாயம் எடுத்துப் போங்கள். கயிற்றுத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றே ஊசித் துளையைப் பார்க்கலாம். பொதுவாக ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம், நுழைவில் உறுதி செய்துகொள்ளுங்கள். கைபேசியின் டார்ச் கூடவே கூடாது. முதலில் குறிப்பு அட்டையை ஒரு படம், பிறகு உடையை ஒரு படம் என்ற வரிசையில் எடுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்தபின் எது எதுவென்று தெரியாது.

முதுகுப்பையை முன்னால் மாட்டுங்கள். அம்மா புடவையில் வருவாரானால் முந்தானையைச் சொருகிக்கொள்ளட்டும். திரும்பும்போது முந்தானையின் குஞ்சம் தடுப்பில் சிக்கினால் தடுப்பு சாயும், அதன் பின்னால் நிற்பது உடை. செப்டம்பர் என்றாலும் உள்ளே குளிராக இருக்கும். அங்கே சூடு ஏற்றுவது நமக்காக அல்ல, ஈரப்பதத்தை 50-க்கும் 65 சதவீதத்துக்கும் இடையில் நிறுத்தத்தான்.

தறியோசை
அந்த 50–65 ஏன் என்று கொஞ்சம் சொல்லுங்களேன் அக்கா. நம் ஊரில் பட்டை பீரோவில் வைப்பதோடு சரி.

ஊசிமுனை
65-ஐத் தாண்டிப் பல நாள் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும், ஈரத்தில் பூச்சியும் பெருகும். ரொம்பக் குறைந்தால் பட்டும், கார்செட்டில் வைக்கும் திமிங்கல வாய்த்தகடும் காய்ந்து முறியும். ஏறி இறங்குவது இரண்டையும்விடக் கெடுதல், இழை உப்பிச் சுருங்கி உப்பிச் சுருங்கி ஓயும்.

அறை மூலையில் சின்ன அட்டைக் கூடாரம் மாதிரி ஒன்று இருந்தால் அது அந்துப்பூச்சிப் பொறி, மிதிக்காதீர்கள். உடை அந்துவின் புழு கம்பளி, பட்டு, மயிர், இறகு தின்னும். பருத்தியையும் லினனையும் தொடாது. கஞ்சி போட்ட பருத்தியை வெள்ளிமீன் பார்த்துக்கொள்ளும். பூச்சி கண்ட உடைக்கு மருந்தடிப்பதில்லை. காற்று புகாமல் சுற்றி மைனஸ் 30 டிகிரியில் மூன்று நாள், அல்லது மைனஸ் 18-இல் இரண்டு வாரம் உறைய வைக்கிறார்கள். முட்டை உட்பட செத்துவிடும், இழைக்கு ஒன்றும் ஆகாது.

பட்டுக்கு இன்னொரு பெரிய வியாதி உண்டு, தறியோசை, உங்களுக்குப் புரியும். பட்டுநூலின் பசையை நீக்கினால் எடையில் கால் பங்கு போய்விடும் அல்லவா? பட்டு எடைக்கு விற்கும் பொருள். போன எடையை ஈடுகட்ட 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளீய உப்பில் முக்கினார்கள். ஈடுகட்டியது போதாதென்று அதற்கு மேலும் ஏற்றினார்கள். துணி கனமாக, சலசலவென்று அழகாக விழுந்தது. அந்த உப்பே பிறகு இழையை அறுத்தது. 1890, 1900 காலத்து மாலை உடையின் உள்பட்டு நீளவாக்கில் ரிப்பன் ரிப்பனாகக் கிழிந்து தொங்கினால் அது யாரும் கிழித்ததல்ல. 1760-இன் கவுன் பக்கத்தில் கம்பீரமாக நிற்க, அதைவிட 130 வருடம் இளைய உடை உதிர்வதைப் பார்க்கும்போது மனசு கனக்கும்.

வெட்டுத்துணி
அந்த மாதிரி உடையைத்தான் பொம்மையில் ஏற்றாமல் படுக்க வைத்துக் காட்டுவார்கள். நின்றால் சொந்தக் கனமே கிழிக்கும். ஏற்றும் உடைக்கும் பொம்மையை உடையைவிடச் சிறியதாக எடுத்து, பஞ்சுப் படலம் சுற்றிச் சுற்றி உடைக்குத் தக்கபடி உடம்பை வளர்ப்பார்கள். உடையை இழுத்துப் பொம்மைக்குப் பொருத்துவது கிடையாது. தோள் சரியாக உட்காராமல் அக்குளில் சுருக்கம் விழுந்தால் அது பழைய தையல்காரர் பிழையா, பஞ்சு வைத்தவர் பிழையா என்று அம்மா கண்டுபிடித்துவிடுவார். அறையில் இருக்கும் தன்னார்வலரிடம் கேட்கட்டும். தையல் தெரிந்தவர் கேள்வி கேட்டால் அவர்கள் முகம் மலரும், அட்டையில் இல்லாததையெல்லாம் சொல்வார்கள்.

மேற்குக்காற்று
வீட்டைப் பற்றியும் நாலு வரி, இல்லாவிட்டால் 'இவ்வளவுதானா மாளிகை' என்று தோன்றும். ஆக்லண்ட் குடும்பத்துக்காக 1778–79-இல் ஜான் ஜான்சன் கட்டியது. தற்காலிக வீடாகத்தான் நினைத்தார்கள், குன்றின் மேல் பெரிய மாளிகை ஒன்று வரவே இல்லை. 1944-இல் சர் ரிச்சர்ட் ஆக்லண்ட் பண்ணை நிலத்தோடு நேஷனல் டிரஸ்ட்டுக்குக் கொடுத்துவிட்டார். உடைகள் அந்தக் குடும்பத்து அலமாரியிலிருந்து வந்தவை என்று எண்ண வேண்டாம். பாலீஸ் டி புஷ் என்ற பெண்மணி இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெர்க்ஷயரில் ஒரு வீட்டிலிருந்து காப்பாற்றத் தொடங்கிய தொகுப்பு 1978-இல் இங்கே வந்தது, அதன் மேல் வளர்ந்ததே இன்றைய எண்ணிக்கை. இந்த வீட்டுக்கும் இந்த உடைக்கும் உறவு என்ன என்று ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கேளுங்கள்.

தோட்டம் ஜான் வீச் அமைத்தது. சரிவு உண்டு, அம்மாவுக்குக் கீழ்ப்புல்வெளி போதும். தெம்பிருந்தால் 1808-இல் கட்டிய கூரைக் குடில்வரை போகலாம், ஒரு காலத்தில் கனடாவிலிருந்து வந்த கரடியை அதில் வைத்திருந்தார்களாம்.

தறியோசை
ஒரே ஒரு உடைக்காகப் போகலாம் என்றால் எது என்பீர்கள்?

அவுரி
டெர்பி பக்கத்தில் கெடில்ஸ்டன் மாளிகையின் மயிலுடை. வைஸ்ராய் கர்சனின் மனைவி மேரி 1903 டெல்லி தர்பார் நடனத்தில் உடுத்தியது. சரிகை வேலை முழுக்க நம் நாட்டுக் கைவினைஞர்கள் டெல்லியிலும் ஆக்ராவிலும் போட்டது. அது கப்பலில் பாரிஸ் போய் வொர்த் நிறுவனத்தில் கவுனாகத் தைக்கப்பட்டது. சுமார் நாலரைக் கிலோ. மயில் கண் ஒவ்வொன்றின் நடுவிலும் பொன்வண்டின் சிறகு. நாம் சின்ன வயதில் தீப்பெட்டியில் வளர்த்த அதே பச்சை.

அந்தப் பச்சை சாயம் அல்ல, சிறகின் படலங்களில் ஒளி பட்டுத் தெறிப்பது. அதனால் 120 வருடத்திலும் மங்கவில்லை. சுற்றியுள்ள வெள்ளிச் சரிகைதான் கறுத்திருக்கிறது. அதைத் துலக்கவும் முடியாது, தேய்த்தால் மேல்பூச்சு போய்விடும். நடுவில் நேராக நின்று பார்த்தால் போதாது. இரண்டடி இடமும் வலமும் மெதுவாக நகருங்கள், சிறகு பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறும். காட்சியில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே கிளம்புங்கள்.

ஊசிமுனை
பொன்வண்டு என்றால் கென்ட்டில் ஸ்மால்ஹைத் பிளேஸ். மாளிகை இல்லை, பதினாறாம் நூற்றாண்டு மரச்சட்ட வீடு. நடிகை எலன் டெர்ரி வாழ்ந்த வீடு அது. 1888-இல் அவர் லேடி மக்பெத்தாக அணிந்த உடை அங்கேதான் இருக்கிறது, சுமார் ஆயிரம் சிறகு. அதைச் சீர்செய்ய 1,300 மணி நேரம் ஆனது. உடைந்த சிறகுகளை ஜப்பானியக் காகிதமும் கோதுமைப் பசையும் வைத்து ஒட்டினார்கள். பசை வேண்டுமென்றே பலவீனமானது, நாளை யாராவது பிரிக்க வேண்டுமென்றால் நீரிலேயே விட்டுவிடும்.

செங்காந்தள்
அனைவருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: டெவன் போகும் வழியில் பாத் நகர ஆடை அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளலாமா?

மேற்குக்காற்று
வேண்டாம். அசெம்பிளி ரூம்ஸில் இருந்த அது 2022 அக்டோபரில் மூடிவிட்டது, பழைய பயண நூல்களில் இன்னும் இருக்கிறது. அந்த நேரத்தைக் கில்லர்டனுக்கே கொடுங்கள். முதல் நாள் இரவே எக்ஸிட்டரில் தங்கி, வீடு திறக்கும்போது வாசலில் நில்லுங்கள். பென்சில், தொலைநோக்கி, அம்மாவுக்கு ஒரு சால்வை. அந்தச் சால்வை கம்பளியாக இருந்தால் கிளம்பும் முன் வெயிலில் நன்றாக உதறிவிடுங்கள்.